மறதி நோய் என்று பயந்தோம், காரணம் மாத்திரை

சில ஆன்டிபயாடிக் மருந்துகள் மனதையும் பாதிக்கும் என்று ஒரு கட்டுரையில் படித்ததும் அப்பாவின் நினைவுதான் வந்தது. சிறுநீர்த் தொற்றுக்கு லெவோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் இரவு முழுக்கத் தூங்கவில்லை. வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னையே யார் என்று கேட்டார். மறதி நோய் வந்துவிட்டது என்று அழுதோம். நல்லவேளை, வேறொரு மருத்துவர் மருந்துச் சீட்டைப் பார்த்ததும் மாத்திரையை மாற்றினார். சில நாளில் பழைய அப்பா திரும்பிவிட்டார்.

சிப்ரோஃபிளாக்சசின், ஆஃப்லாக்சசின் எல்லாம் இதே வகைதான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-லேயே மனக்குழப்பம், பதற்றம், ஞாபகக் குறைவு ஆகியவற்றை இந்த மருந்துகளின் குறிப்பில் தனியாக எடுத்துக்காட்டச் சொல்லிவிட்டது. நம் ஊரிலோ வயிற்றுப்போக்கு என்றாலே மெடிக்கலில் சீட்டு இல்லாமல் ஆஃப்லாக்சசின் வாங்கி விழுங்குகிறோம். வயதானவர்களுக்கு அப்படி வாங்கிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.