ட்ராம் வேண்டாம், ஒரு ரயில் பெட்டி போதும்

கனடாவின் ரொறன்ரோவில், வீதியிலேயே தண்டவாளத்தில் ஓடுகிற ட்ராமோடு நின்று எடுத்த படங்களைப் போட்ட நாளிலிருந்து நம்ம திருகோணமலைக்காரரிடமிருந்து ஒரே கொமன்ட்தான் திரும்பத் திரும்ப வருகிறது. "சேர், எங்கட திருமலைக்கும் இப்படி ஒன்று வந்தால் எப்படி இருக்கும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஏலாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலிருந்து உப்புவெளி வரைக்கும் தண்டவாளம் போட்டால் அதில் முதலில் ஏறிப் படுக்கப்போவது நம்ம ஊர் மான்கள்தான். பகிடியை விடுங்கள், ட்ராம் என்பது சில நிமிடத்துக்கு ஒருதரம் பெட்டி நிறையச் சனம் ஏறுகிற ஊருக்கான சாமான். நமக்கு அந்தச் சனமும் இல்லை, அந்த அகல வீதியும் இல்லை. கொழும்பில்கூட 1899இல் தொடங்கியதை 1960இல் நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பதிலாக வந்த ட்ரொலி பஸ்ஸும் 1964ஓடு சரி.

எனக்கு அங்கே பொறாமை வந்தது ட்ராமைப் பார்த்து இல்லை. அதில் ஏற்றிக்கொண்டுபோய் எங்களுக்கு எதைக் காட்டினார்கள் என்பதைப் பார்த்துத்தான்.

தங்கச்சியின் மகன்தான் பதிவு செய்து கூட்டிக்கொண்டு போனான். "மாமா, இது டூரிஸ்ட் ஆக்கள் வாற டூர் இல்லை, உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். சனத்தோடு சனமாக, வழக்கமாக ஓடுகிற ட்ராமிலேயே ஏறி, இறங்கி, நடந்து, மறுபடி ஏறிப் போகிற சுற்று. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் அந்த ஊர்க்காரர்களே. வழிகாட்டி ஒரு வயதானவர், தண்டவாள வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ரொறன்ரோ என்றால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற அந்த நெட்டைக் கோபுரத்தை அவர் ஒருதரம்கூடக் கைகாட்டவில்லை. நிலத்தைத்தான் காட்டிக்கொண்டே வந்தார்.

ஒரு சந்தியில் ட்ராம் நின்றது. ஓட்டிவந்த பெண் கையில் ஒரு நீட்டு இரும்புக் கம்பியோடு இறங்கி, தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் அந்தக் கம்பியைச் செருகி ஒரு நெம்பு நெம்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முழுநீளத்துக்குப் புத்தம்புது வண்டி, தாழ்தளம், குளிரூட்டி, எல்லாம் இருக்கிறது. திசை மாற்றுவதற்கு மட்டும் கம்பி! அங்கே தண்டவாளத்தைத் திசை மாற்றிவிடுகிற மின்கருவி பழையது, முழுக்க நம்ப முடியாது, அதனால் பிரிவு வருகிற ஒவ்வொரு இடத்திலும் வண்டி நின்று, பார்த்து, மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகாமல்தான் கடக்கவேண்டும் என்று விதி. அந்த மனுசர் இதை மறைக்கவில்லை. "எங்கள் வண்டி ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று திட்டுகிறீர்களே, இதுதான் காரணம், இதைக் கேளுங்கள்" என்றார் தன் ஊர்க்காரர்களைப் பார்த்து. எனக்கு அந்த ஒரு வசனத்துக்கே டிக்கெட் காசு சரி.

அப்புறம் மணல். இலையும் பனியும் விழுந்து தண்டவாளம் வழுக்கும்போது சில்லுக்கு முன்னால் மணலைக் கொட்டிக்கொண்டுதான் ட்ராம் நிற்கிறது. அதற்காகவே வண்டி மணலைச் சுமந்துகொண்டு திரிகிறது. தண்டவாளத்து அகலமும் ஒரு தனிக் கணக்கு: 1,495 மில்லிமீற்றர். உலகில் பெரும்பாலான இடங்களில் 1,435, நம்ம நாட்டு ரயில் பாதை 1,676. குதிரை வண்டிகளும் அந்தத் தண்டவாளத்திலேயே உருள வசதியாக இருக்கட்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் வைத்த அளவு என்கிறார்கள். குதிரை போய்விட்டது, அளவு போகவில்லை. இன்றைக்குப் புது வண்டி வாங்கினாலும் அந்த அளவுக்குத்தான் செய்வித்து வாங்கவேண்டும்.

குயின் வீதியில் ஓடும் 501ஆம் இலக்கத் தடம் முழுதாக ஓடும்போது கிட்டத்தட்ட 24 கிலோமீற்றர். அதன் கிழக்கு முனையில் இறங்கினால் எதிரில் ஏரிக்கரையோடு ஒரு மாளிகை. அரண்மனை என்றுதான் நினைத்தேன். பார்த்தால் தண்ணீர் சுத்திகரிக்கிற இடம்! ஆர்.சி. ஹாரிஸ் என்ற நகரப் பொதுவேலை ஆணையாளரின் பெயரில், 1941இல் திறந்தது, உள்ளே சலவைக்கல். அதே ஹாரிஸின் காலத்தில்தான் புளோர் வீதிப் பாலமும் கட்டப்பட்டது. 1918இல் திறந்தபோதே மேலே வீதி, கீழே பின்னால் எப்போதாவது வரப்போகிற ரயிலுக்கு ஒரு தட்டு. சுரங்க ரயில் 1966இல்தான் வந்து அந்தத் தட்டில் ஓடத் தொடங்கியது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அந்தத் தட்டு காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

சரி, இதெல்லாம் பெருமைக் கதை. என்னை உலுக்கியது வேறு கதை. அதே 1966இல் அந்த நகரத்துப் போக்குவரத்து ஆணையம் ட்ராம் எல்லாவற்றையும் 1980க்குள் ஒழித்துவிடுவது என்று திட்டம் போட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஊர் ஊராகக் கழற்றி எறிந்துகொண்டிருந்த காலம், இவர்களும் கழற்றியிருப்பார்கள். 1972இல் ஒரு குடிமக்கள் குழு கிளம்பியது. ஸ்டீவ் மன்றோ போன்ற இளம் ஆட்கள். இவர்கள் வீதியில் படுத்து மறியல் செய்யவில்லை, கணக்கோடு போனார்கள். ஒரு ட்ராமுக்குப் பதிலாக எத்தனை பஸ் வேண்டும், எவ்வளவு செலவு என்று அலுவலகத்துக்காரரின் வாதத்தையே எடுத்து வைத்துக் கதைத்தார்கள். அந்த வருடமே முடிவு மாறியது. ரொறன்ரோவில் இன்றைக்கும் ட்ராம் ஓடுவது அதனால்தான்.

ஊர் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவனிடம் அதிகாரி சும்மா கதை விட முடியாது. இவ்வளவுதான் நான் சொல்ல வருவது. இப்போது நம்ம பக்கம் பாருங்கள்.

நான் புவியியல் படிப்பித்தவன். வகுப்பில் கேட்பேன், "வீட்டுக் குழாயில் தண்ணி எங்கேயிருந்து வருது?" "டாங்கியிலிருந்து சேர்." "டாங்கிக்கு?" அதோடு சரி, ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கந்தளாய்க் குளம் என்று சொன்னால், குளக்கோட்டன் கட்டியது என்று உடனே பெருமையாகச் சொல்வார்கள், பரீட்சைக்கு அது வேண்டுமே. அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான் திருமலையில் குடிக்கிறோம் என்பது தெரியாது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதன் அணை உடைந்து, நூற்றுக்கும் அதிகமான ஆட்கள் செத்துப்போனது அதைவிடத் தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. யார் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினோம்?

நம்ம ஊரில் வெள்ளைக்காரருக்கான சுற்று எல்லோருக்கும் மனப்பாடம். கோணேசர், கன்னியா வெந்நீர்க் கிணறு, புறாத்தீவு, திமிங்கிலம், நிலாவெளி, பொரித்த இறால். நல்லதுதான், நாலு பேர் பிழைக்கிறார்கள். ஊர்க்காரருக்கான சுற்று என்று ஒன்று இல்லவே இல்லை.

இத்தனைக்கும் ரயில் பாதை சும்மா கிடக்கிறது. 1927இல் போட்டது, கல்லோயாச் சந்தியில் பிரிந்து வருகிறது. ஒரு நாளைக்கு ஓடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்கள், மற்ற நேரத்தில் ஆடு மேய்கிறது. இரண்டு பஸ்ஸை முதுகோடு முதுகு ஒட்டித் தண்டவாளத்தில் ஓடவிட்டு அதற்கு ரயில் பஸ் என்று பெயர் வைத்த நாடு நம்முடையது. அப்படி ஒன்றைச் சனிக்கிழமையில் திருமலையிலிருந்து கந்தளாய்க்கும் திரும்பியும் ஓட்டினால் என்ன கெட்டுவிடும்? உள்ளே ஒருவர் நின்று கதை சொன்னால் போதும்.

கதைக்கா பஞ்சம்? சீனக்குடாவில் இறங்கினால் எண்ணெய்த் தாங்கிகள். நம்ம முகநூலில் இதைப்பற்றிச் சண்டை பிடிக்காத ஆளே இல்லை, இந்தியாவுக்கு விற்றுவிட்டான், விற்கவில்லை, குத்தகை, துரோகம் என்று. 99 தாங்கி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 2022 ஜனவரி உடன்பாட்டின்படி 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு, அதில் 51 வீதம் நம்ம பக்கம். சரியா பிழையா என்று நீங்கள் வாதாடுங்கள், ஆனால் இந்த எண்களை வைத்துக்கொண்டு வாதாடுங்கள். காட்டுக்குள்ளே துருப்பிடித்து நிற்கிற ஒரு தாங்கிக்குக் கிட்டப் போய் நின்றவன் கதைப்பது வேறு மாதிரி இருக்கும். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளில் விமானம் மோதி எரிந்த தாங்கியின் எச்சமும் அங்கேதான். அது பாட்டில் ஒரு பாடம்.

ரயில் போகாத பக்கத்துக்கு பஸ்ஸில் போகலாம். கிண்ணியாப் பாலம், 396 மீற்றர், 2009 ஒக்டோபரில் திறந்தது. அதற்கு முந்தி பாதைதான். இன்றைய பிள்ளைகளுக்குப் பாதை என்றால் நடக்கிற பாதை என்றுதான் நினைப்பு. பஸ்ஸை ஏற்றுகிற அந்தத் தட்டை மிதவையை அவர்கள் கண்டதில்லை. பஸ் முதலில் ஏறும், நாங்கள் இறங்கி வெயிலில் நின்று பின்னால் ஏறுவோம், சைக்கிள், ஆடு, மீன் பெட்டி எல்லாம் அதற்குள்தான். மட்டக்களப்புக்குப் போவதென்றால் அதோடு விடாது, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று வழியெல்லாம் இருந்த பாதைகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும். பாலங்கள் வந்தது பெரிய நிம்மதி. ஆனால் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியை மறந்துவிடாதீர்கள். 2021 நவம்பர் 23, பாலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சனம் மிதவைப் படகில் போனது, கவிழ்ந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்தார்கள். பாலம் கட்டுகிற இரண்டு மூன்று வருடத்துக்குச் சனம் எதில் போகும் என்று திட்டத்திலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. கேட்கத் தெரிந்தவர்கள் நிறைய இருந்திருந்தால் பதிலும் எங்காவது இருந்திருக்கும். இது 2006இல் ஒரு மதகை மூடியதில் பெரிய யுத்தம் திரும்ப வெடித்த மாவட்டம், மாவிலாறு பெயரைத் தெரியாத ஆள் கிடையாது. மதகையும் பாலத்தையும் எஞ்சினியர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு நாம் கோயிலை மட்டும் சுற்றிக்கொண்டிருக்க ஏலாது.

"பாதுகாப்புப் பகுதி, விடமாட்டான்" என்று உடனே சொல்வீர்கள். உண்மைதான். மாணவர்களைக் கூட்டிப்போக அனுமதி கேட்டு நானே ஓர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். அது எந்த மேசையில் தூங்குகிறதோ, பதில் வரவில்லை. துறைமுகத்துக்குள்ளும் கடற்படை வளவுக்குள்ளும் போகாமலேயே காட்டக்கூடியது இவ்வளவு இருக்கிறது என்பதற்காகத்தான் மேலே அவ்வளவும் எழுதினேன். குளக்கட்டில் நடப்பதற்கு யாரிடம் அனுமதி?

இன்னொருவர் கேட்டார், பஸ்ஸே நேரத்துக்கு வராத ஊரில் உங்களுக்கு டூர் கேட்குதோ என்று. பஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்பதையும் அந்தச் சுற்றில் சேர்த்துக்கொள்வோம் அண்ணை. டிப்போவிலிருந்தே தொடங்குவோம்.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், கிண்ணியாப் பாதையில் வேலை செய்தவர்கள், கந்தளாய் மதகுப் பக்கம் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் இன்பொக்சில் ஒரு வரி போடுங்கள். பெட்டி கிடைக்கிறதோ இல்லையோ, வருகிற விடுமுறையில் சாதாரண டிக்கெட் எடுத்தாவது காலை ரயிலில் கந்தளாய்க்குப் போவதாக இருக்கிறேன். சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வரவேண்டும்.