கத்தியில் கொழுப்பு இல்லை

மாமா: என்ன மாப்பிள்ளை, கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் இல்லாத ரொட்டி கிடைத்ததா? ரொம்ப நேரமாகக் கைபேசியைத் தடவிக்கொண்டே இருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை: 'குளூட்டன் இல்லாதது' என்று அடித்தேன் மாமா. முதலில் ஷாம்பு வந்தது.

மாமா: (வழுக்கையைத் தடவியபடி) அதை வேறு யாருக்காவது அனுப்பச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை: அப்புறம் 'ரொட்டி' என்று சேர்த்தேன். 'கொழுப்பு குறைவு' என்பதையும் டிக் செய்தேன். இப்போது ஒரே ஒரு பொருள்தான் மிஞ்சியிருக்கிறது.

மாமா: யோசிக்காதீர்கள், அதையே போடுங்கள்!

மாப்பிள்ளை: ரொட்டி வெட்டுகிற கத்தி, மாமா.

மாமா: ம்... அதில் இரண்டும் இல்லைதான். பொய் சொல்லவில்லை பாவம்.

மாப்பிள்ளை: இருங்கள், கொழுப்பு டிக்கை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். இதோ, 'கோதுமை இல்லாத ரொட்டி'.

மாமா: ஆகா!

மாப்பிள்ளை: ஆகா இல்லை. உள்ளே பார்லி மால்ட் போட்டிருக்கிறார்கள். பார்லியிலும் ரை என்கிற தானியத்திலும்கூட குளூட்டன் உண்டு. அடுத்தது... இதில் 'குளூட்டன் இல்லை' என்று பெரிதாகவே இருக்கிறது. ஆனால் பொருள் பட்டியலில் கோதுமை ஸ்டார்ச்.

மாமா: பட்டப்பகலில் மோசடி!

மாப்பிள்ளை: இது மோசடி இல்லை மாமா. அந்த ஸ்டார்ச்சிலிருந்து குளூட்டனை நீக்கிவிடுவார்கள். ரொட்டியில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகாவிட்டால், பல நாடுகளில் அப்படி எழுதலாம்.

மாமா: அதாவது, கோதுமை இல்லை என்றால் வாங்கக்கூடாது, கோதுமை இருந்தால் வாங்கலாம்.

மாப்பிள்ளை: நீங்கள் சொன்னால் எல்லாமே ஒரு மாதிரியாகத்தான் கேட்கிறது. சரி, இது பரவாயில்லை. ஒரு துண்டில் 2 கிராம் கொழுப்புதான்.

மாமா: பிரமாதம்!

மாப்பிள்ளை: ஒரு துண்டே 25 கிராம்தான். அப்படியானால் 100 கிராமுக்கு 8 கிராம். 'கொழுப்பு குறைவு' என்று போட வேண்டுமானால் 3 கிராமைத் தாண்டக்கூடாது என்பதுதான் பொதுவான கணக்கு. இவர்கள் கொழுப்பைக் குறைக்கவில்லை, துண்டைக் குறைத்திருக்கிறார்கள்.

மாமா: நீங்கள் கணக்குப் போடாமல் இருந்திருந்தால் நான் ஆரோக்கியமாக இருந்திருப்பேன். கோதுமையை எடுத்துவிட்டு ஏன் இவ்வளவு எண்ணெயை ஊற்றுகிறார்கள்?

மாப்பிள்ளை: மாவுக்குள் காற்றைப் பிடித்து வைத்து ரொட்டியை உப்ப வைப்பதே குளூட்டன்தான். அது போனால் ரொட்டி உதிர்ந்துவிடும். அதனால் எண்ணெய், முட்டை, சாந்தன் கம், இசப்கோல் என்று எதையாவது போட்டு ஒட்ட வைக்கிறார்கள்.

மாமா: இசப்கோலா? அது மலச்சிக்கலுக்குக் குடிப்பதாயிற்றே!

மாப்பிள்ளை: அதேதான்.

மாமா: ரொட்டி ஒட்டும், சாப்பிட்டவன் ஓரிடத்தில் ஒட்ட மாட்டான்.

மாப்பிள்ளை: கிடைத்துவிட்டது மாமா! குளூட்டன் இல்லை, 100 கிராமுக்கு 2.8 கிராம் கொழுப்பு. ஐந்து நட்சத்திரம் வேறு.

மாமா: யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா?

மாப்பிள்ளை: 'பொட்டலம் மிக அழகு. இன்னும் பிரிக்கவில்லை.'

மாமா: விவரமான ஆள்.

மாப்பிள்ளை: இந்த ரொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் உறைய வைத்து அனுப்புவார்களாம். சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும். நம் டோஸ்டரும் ஆகாது, பழைய கோதுமைத் துகள் ஒட்டியிருக்கும். ஆறு பாக்கெட் போட்டுவிட்டேன். ஆமாம், குளூட்டன் குடலைக் கெடுக்கிற சீலியாக் நோய்தான் என்று டாக்டர் எப்போது உறுதியாகச் சொன்னார்?

மாமா: எங்கே சொன்னார்? கொழுப்பைக் குறை என்றார். வயிறு உப்புசம் என்றதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம்தான் போகிறேன். அதற்குள் குளூட்டனை நிறுத்திவிட்டால், பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போன மாதிரி இருக்குமே என்று...

மாப்பிள்ளை: மாமா! குளூட்டன் சாப்பிடும்போது உடம்பில் உண்டாகிற எதிர்ப்பொருள்களைத்தான் அந்தப் பரிசோதனையில் தேடுவார்கள். முன்கூட்டியே நிறுத்தினால், நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடலாம்!

மாமா: அப்படியானால் அதுவரை?

மாப்பிள்ளை: எப்போதும் சாப்பிடுகிற ரொட்டியையே சாப்பிடுங்கள்.

மாமா: அதில் கொழுப்பு?

மாப்பிள்ளை: (சமையலறைக்குப் போய்ப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு) 100 கிராமுக்கு... 2 கிராம்.

மாமா: சரி, அந்த ஆறு பாக்கெட்டை ரத்து செய்யுங்கள்.

மாப்பிள்ளை: உறைந்த பொருளாம். போட்டது போட்டதுதான் என்கிறார்கள்.

மாமா: விடுங்கள், வீணாகப் போகாது. வந்ததும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று என் மகள் வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.