பூங்காவில் பழைய காசு தேட ஆசைப்படும் தம்பிகளுக்கு

யூடியூபில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் மெட்டல் டிடெக்டரைத் தரையோடு வீசிக்கொண்டே பூங்காவில் நடப்பார், கீ என்று சத்தம் வரும், குனிந்து மண்ணைப் புரட்டினால் பழைய காசு. அதைப் பார்த்துவிட்டு "அண்ணே, நம்ம சிவகங்கைப் பூங்காவுல தேடினா எதாவது கிடைக்குமா?" என்று இப்போது தஞ்சாவூர்த் தம்பிகள் கேட்கிறார்கள். கிடைக்கும் தம்பி. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

சாதாரணக் கருவி காசு அளவுள்ள பொருளை ஏறக்குறைய ஒரு சாண் ஆழம்வரை காட்டிக்கொடுக்கும். முதலில் வருவதெல்லாம் சோடா மூடியும் துருப்பிடித்த ஆணியும்தான். ஆனால் அந்தப் பூங்கா பெரிய கோயிலை ஒட்டி இருக்கிறது. சோழர், நாயக்கர், மராட்டியர், ஆங்கிலேயர் என்று வரிசையாக ஆண்டுபோன ஊர், எந்த மூலையில் எது கிடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ராஜராஜன் செப்புக்காசையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீராஜராஜ. இலங்கை வரைக்கும் கிடைக்கிற காசு, அபூர்வம் என்று சொல்ல முடியாது. தனியாகக் கையில் வைத்துப் பார்த்தால் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொல்லும். அதே காசு ஒரு பழைய செங்கல் தரைக்குக் கீழே, கலையாத மண்ணில் கிடந்தால், அந்தத் தரை இந்தக் காசு அடித்த காலத்துக்கு முன்பு போட்டதில்லை என்று அடித்துச் சொல்லலாம். பக்கத்தில் என்ன பானை ஓடு, எந்த நிற மண், எவ்வளவு ஆழம், இதெல்லாம் சேர்ந்ததுதான் சான்று. ஒரு சாண் குழி தோண்டிக் காசை மட்டும் உருவி எடுத்துவிட்டால் அந்தச் சான்றை மறுபடி யாராலும் ஒட்ட வைக்க முடியாது. எடுத்த கையோடு புளி போட்டுத் தேய்க்கிறவர்களும் உண்டு, பச்சைக் களிம்பு போகும்போது எழுத்தும் கூடவே போய்விடும்.

சட்டமும் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி மண்ணிலிருந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெரிய கோயில் மாதிரி மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிற இடமென்றால் சுற்றி 100 மீட்டர் கட்டடம்கூடக் கட்டக்கூடாது என்று தடைசெய்யப்பட்ட பகுதி.

ஆனால் இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமும் உண்டு. கிடைத்ததை அரசு எடுத்துக்கொண்டால் அந்த உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான் தர வேண்டும் என்கிறது. செப்புக்காசுக்கு உலோக மதிப்பு என்ன வரும்? வயலில் உழும்போது கிடைத்த காசை வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, அலுவலகத்தில் காத்திருந்து கொடுக்கிறவருக்கு டீச் செலவுக்குக்கூட வராது. அப்புறம் அது காசு வியாபாரியிடம் போகாமல் எங்கே போகும்? இங்கிலாந்தில் 1996-இல் கொண்டுவந்த சட்டத்தில் புதையல் என்று முடிவாகி அருங்காட்சியகம் வாங்கினால் சந்தை விலையை வைத்து வெகுமதி. புதையல் கணக்கில் வராத சின்னப் பொருளையும் கிடைத்த இடத்தோடு பதிவுசெய்ய ஆள் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் தேடக்கூடாது, இது அந்த வீடியோக்களில் கண்ணில் படுவதில்லை.

சொன்னால் என்ன லாபம் என்பதற்குச் சீர்காழி இருக்கிறது. 2023-இல் சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் எடுத்தபோது ஐம்பொன் சிலைகளும் தேவாரம் எழுதிய செப்பேடுகளும் வந்தன. உடனே வெளியே தெரிந்ததால் எல்லாம் ஒன்றாகவே நின்றன. ஆளுக்கொன்றாகப் போயிருந்தால் அந்தத் தகடுகள் பழைய பாத்திரக் கடைச் செம்பு.

காசு மேல் ஆசை இருக்கிற பையன்களைத் திட்டாதீர்கள், டெல்டாவின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் அவர்களிலிருந்துதான் வர வேண்டும். தாலுகாவுக்கு ஒரு இடத்திலாவது பழம்பொருளைக் காட்டிப் பதிவுசெய்ய வழி வேண்டும், நியாயமான விலை வேண்டும். இதை எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள், கிராமசபையில் எழுப்புங்கள்.

அதுவரைக்கும், தூர் வாரும்போதோ உழும்போதோ தானாக ஏதாவது தட்டுப்பட்டால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். கிடந்த இடத்தில் வைத்தே போட்டோ எடுங்கள், ஆழத்தையும் சர்வே நம்பரையும் குறித்து வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள், கலெக்டருக்கு எழுதிக் கொடுத்ததன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் கமெண்டில் கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.