அந்தச் சிவப்பு வட்டம்

ஞாயிற்றுக்கிழமை இங்கே நோர்வேயில் எங்கள் தமிழர் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. மண்டபத்துக்கு வந்தவர்களுக்கு யார் பேசினார், என்ன பேசினார் என்று தெரியும். வராதவர்களுக்கு அந்த மூன்று நிமிட வீடியோ இதற்குள் வட்ஸ்அப்பில் நாலு தரம் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே பெயர் வேண்டாம், அண்ணை என்றே சொல்கிறேன். வயதில் மூத்தவர். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிரில் தன்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றித் தந்தவர். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது என்று நினைக்கிறேன்.

அண்ணை திரையில் போட்ட படத்தில் இரண்டு பட்டிகள். நோர்வேயின் சனத்தொகை, வருட வாரியாக. குடிவரவாளரும் அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும் ஒரு பட்டி, அது ஏறிக்கொண்டு போகிறது. மிச்சப் பேர் மற்றப் பட்டி, அது இறங்கிக்கொண்டு போகிறது. இறங்குகிற பட்டியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். "இப்பிடியே போனால் இந்த நாட்டுச் சனம் அழிஞ்சு போயிடும். ஐம்பது வருசத்துக்கு முதல் எவ்வளவு சுத்தமா இருந்த நாடு" என்றார். கைதட்டினார்கள். வடை எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கைதட்டியவர்களையும் பார்த்தேன்.

ஐம்பது வருடத்துக்கு முன்பு சுத்தமாக இருந்ததாம். அண்ணை வந்தே நாற்பது வருடம் ஆகவில்லை. அப்போ அழுக்கு எந்த விமானத்தில் வந்து இறங்கியது என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நாட்டின் சனம் ஒருநாளும் ஓரிடத்தில் அசையாமல் இருந்ததில்லை. செத்தார்கள், போனார்கள், வந்தார்கள். வந்தவர்கள் தங்களுக்குப் பிறகு வந்தவர்களைக் காட்டி "இவங்களாலதான்" என்றார்கள்.

1349ல் இங்கிலாந்திலிருந்து இந்த நாட்டின் துறைமுக நகரமான பெர்கனுக்கு வந்த ஒரு கப்பலோடு கொள்ளைநோய் இறங்கியது என்பார்கள். கப்பல் கதை எப்படியோ, நாட்டில் பாதிக்கு மேல் மக்கள் செத்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. பண்ணை பண்ணையாகப் பாழாயின. பழைய எண்ணிக்கைக்கு வந்து சேர ஏறக்குறைய முந்நூறு வருடம் எடுத்தது. ஆர்சனலுக்குக் கால்பந்து விளையாடுகிற ஓடெகோரைத் தெரியாதவர்கள் இல்லை. என் பேத்தி அவருடைய பெயர் எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். அந்தக் குடும்பப் பெயருக்குப் பொருள் பாழ்பட்ட பண்ணை. அப்படி ஆளில்லாமல் போன நிலங்களின் பெயர்தான் பிறகு அங்கே குடியேறியவர்களின் பெயராயிற்று. பெர்கனில் ஜெர்மன் வணிகர்கள், டென்மார்க்கிலிருந்து வந்த அதிகாரிகள், 1600களில் கிழக்குக் காடுகளுக்கு வந்து காட்டை எரித்து 'ரை' என்ற தானியம் விதைத்த பின்லாந்துக்காரர், இவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் அண்ணையின் "சுத்தம்".

1801ல் ஆளாளாகப் பெயர் எழுதிக் கணக்கெடுத்தபோது முழு நோர்வேயிலும் 8 லட்சத்து 83 ஆயிரம் பேர்தான். 1822 அளவில் பத்து லட்சம், 1890ல் இருபது லட்சம். உருளைக்கிழங்கு வந்தது, அம்மைத் தடுப்பூசி வந்தது, பிள்ளைகள் சாகாமல் வளர்ந்தார்கள். ஆனால் நிலம் வளரவில்லை. இந்த நாட்டில் உழக்கூடிய நிலம் நூற்றுக்கு மூன்று பங்குதான், மிச்சம் மலையும் காடும். பண்ணை மூத்த பிள்ளைக்கு. மற்றவன் என்ன செய்வான்? எங்கள் ஊரில் மற்றவன் என்ன செய்தானோ அதையேதான். கப்பல் ஏறினான்.

1825 ஜூலையில் ஸ்தவாங்கரிலிருந்து 'ரெஸ்டோராஷியோன்' என்ற ஒரு சின்னப் பாய்க்கப்பல் 52 பேரோடு அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. ஏறியவர்களில் பலர் குவேக்கர்கள். அரச திருச்சபைக்கு வெளியே தங்கள் விருப்பப்படி கும்பிட விரும்பியவர்கள். நடுக்கடலில் ஒரு குழந்தை பிறந்தது. ஒக்டோபரில் நியூயோர்க்கில் இறங்கியபோது என்ன நடந்தது தெரியுமா? அந்த அளவுக் கப்பலில் சட்டம் அனுமதித்ததை விட அதிகம் பேரை ஏற்றி வந்ததால் கப்பலைப் பறிமுதல் செய்து, கப்டனைப் பிடித்து வைத்தார்கள். ஜனாதிபதி ஜோன் குவின்சி அடம்ஸ் மன்னிப்புக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். படகில் அளவுக்கு மிஞ்சி ஆளேற்றிக்கொண்டு சட்டத்தை மீறி வந்த அகதிகள். இந்த வசனம் அண்ணைக்கு வேறெங்காவது கேட்ட மாதிரி இருக்கிறதா? 2025ல் அந்தப் பயணத்தின் இருநூறாவது ஆண்டுக்கு அதே பெயரில் ஒரு கப்பல் ஸ்தவாங்கரிலிருந்து மறுபடி புறப்பட்டது. இருநூறு வருடம் பொறுத்திருந்தால் எல்லாப் படகுக்கும் விழா எடுப்பார்கள் போல.

அதற்குப் பிறகு நூறு வருடத்தில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் போனார்கள். நாட்டில் இருந்ததே இருபது லட்சம் என்றால் யோசித்துப் பாருங்கள். சனத்தொகைக்கு அளவாகப் பார்த்தால் ஐரோப்பாவில் அயர்லாந்துக்கு அடுத்தபடி இவர்கள்தான். 1882 என்ற ஒரே வருடத்தில் 28 ஆயிரத்துக்கு மேல்.

"அது வேற கதை, அவங்கள் உழைக்கப் போனவங்கள், போன இடத்தோட சேர்ந்தவங்கள்" என்று கீழே எழுதப் போகிறீர்கள், தெரியும். போன இடத்தில் என்ன செய்தார்கள்? மினசோட்டாவிலும் விஸ்கொன்சினிலும் ஒரே ஊர்க்காரர் பக்கத்துப் பக்கத்து நிலம் வாங்கினார்கள். தங்கள் மொழியில் தேவாலயம் கட்டினார்கள். ஐயோவாவில் 'டெக்கோரா-போஸ்தன்' என்று தங்கள் மொழியிலேயே ஒரு பத்திரிகை, அது 1972 வரை வந்தது. கிட்டத்தட்ட நூறு வருடம்! நாங்கள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தினால் மட்டும் சிலருக்குக் கண் குத்துகிறது.

குற்றம், போதைப்பொருள், சண்டைக் கும்பல் என்று எழுதப் போகிறவர்களுக்கு: செய்தவனைப் பிடித்து அடையுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அடுத்தது.

"வேகம்" என்று சொல்கிறவர்களின் பேச்சில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1970ல் குடிவரவாளர் நூறு பேரில் ஒருவர் இருவர்தான். இன்று மொத்தச் சனம் 55 லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆறு பேரில் ஒருவர் வெளியில் பிறந்து வந்தவர். ஒரு ஆயுட்காலத்துக்குள் இவ்வளவு மாற்றத்தைப் பார்க்கிற ஒரு நோர்வேக் கிழவருக்குத் தலை சுற்றினால் எனக்கு விளங்கும். அவர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அண்ணை, உங்களுக்கு ஏன் தலை சுற்றுகிறது? அந்த ஆறில் ஒன்றே நீங்கள்தானே!

சரி, என் கதைக்கு வருகிறேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987 மார்கழி. நாட்டின் வடகோடியில் இருக்கிற பின்மார்க்கில் கடலோரம் ஒரு மீன்பிடி ஊர். மார்கழி முழுக்க அங்கே சூரியன் எழும்பாது. உள்ளூர்ப் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் தெற்கே போய்விட, மீன் தொழிற்சாலைக்கு ஆள் இல்லை. அதனால்தான் நாங்கள். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு 1975லேயே இந்த நாடு கதவைச் சாத்திவிட்டது. நாங்கள் மாணவர் விசா, அகதி மனு என்று சாத்திய கதவின் இடுக்கால் உள்ளே வந்தவர்கள். எதைச் சொல்லி அடைக்கலம் கேட்டோம் என்பது அண்ணைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது மேடை ஏறி "அவங்கள் பொய் சொல்லி வாறாங்கள்" என்கிறார்.

எனக்குப் பக்கத்து மேசையில் அறுபது தாண்டிய ஒரு அம்மா மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருப்பார். என் கை விறைப்பதைப் பார்த்துவிட்டுக் கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டு வந்து தந்தார். ஒருநாள் கோப்பி நேரத்தில் கேட்டேன், நீங்கள் இந்த ஊரா என்று. சிரித்தார். அவருடைய ஆட்கள் க்வேன் மக்கள், பின்லாந்துப் பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்தவர்கள். வீட்டில் பேசிய மொழியைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் அடி. அதனால் தாய் தன் பிள்ளைகளோடு அந்த மொழியைப் பேசுவதையே விட்டுவிட்டாராம். பின்மார்க்கில் நிலம் வாங்க நோர்வே மொழி பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்று 1902ல் சட்டமே போட்டிருந்தார்கள். க்வேன் மட்டுமில்லை, எல்லாருக்கும் முன்பிருந்தே அங்கே வாழ்ந்த சாமி என்ற பழங்குடி மக்களுக்கும் அதே சட்டம். தங்கள் மண்ணிலேயே அந்நியர். மன்னர் ஹரால்ட் சாமி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 1997ல்.

அந்த அம்மா பிறகு சொன்னதைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. "நீங்கள் வந்த பிறகுதான் எங்களை இந்த ஊர்க்காரர் என்று சொல்கிறார்கள்."

விளங்குகிறதா? ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் நடந்ததும் அதுதான். சோமாலியரைக் காட்டினால், சிரியரைக் காட்டினால், உக்ரேனியரைக் காட்டினால் நாங்கள் ஊர்க்காரர் ஆகிவிடலாம் என்ற நப்பாசை. முன்வரிசையில் இருந்த அந்த நகரசபை உறுப்பினர் தலையாட்டியதும் அண்ணையின் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அப்போது எங்களைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. வெட்டி வைத்திருக்கிறேன், மட்டையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஞாயிறு இரவு எடுத்துப் பார்த்தேன். இந்த ஊரின் இயல்பு கெடுகிறது, இவர்கள் உழைக்க வரவில்லை, எங்கள் பிள்ளைகளின் எதிர்காலம் என்ன. 'தமிழர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சோமாலியர்' என்று போட்டால் அண்ணையின் பேச்சு. நோர்வே மொழியில் எழுதியவனாவது தன் பெயரைப் போடவில்லை, வெட்கப்பட்டிருக்கிறான்.

"நன்றி இல்லாதவன், இந்த நாட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு" என்று ஏற்கெனவே ஒருவர் உட்பெட்டியில் எழுதிவிட்டார். ஐயா, மீன் தொழிற்சாலையில் ஆறு வருடம், பஸ் ஓடியது இருபத்திமூன்று வருடம். சோறு என் காசில்தான் தின்றேன். நன்றி இருக்கிறது, நிறைய இருக்கிறது. கையுறை பின்னித் தந்த அந்த அம்மாவுக்கு இருக்கிறது. நன்றி என்பது எனக்குப் பின்னால் வருகிறவனைக் கதவடியில் நின்று தள்ளிவிடுவது என்றால் மட்டும் அது என்னிடம் இல்லை. 1956ல் தனியாளாக வந்து, பிறகு யாழ்ப்பாணத்துக் காரைநகரில் சீநோர் என்ற மீன்பிடித் தொழில் நிறுவனம் வரக் காரணமாயிருந்த அன்ரனி ராஜேந்திரம் அப்படி நினைத்திருந்தால் நாங்கள் யாருமே இங்கே இல்லை.

இன்னொன்று. அரச குடும்பமே வந்தது. 1905ல் சுவீடனைப் பிரிந்தபோது இவர்களுக்கு மன்னர் இல்லை. டென்மார்க்கிலிருந்து கார்ல் இளவரசரைக் கூப்பிட்டார்கள், அவர் ஹாக்கோன் என்று பெயர் வைத்துக்கொண்டார். மனைவி இங்கிலாந்து. மகன் அங்கே பிறந்த அலெக்ஸாண்டர், இங்கே வந்து ஓலாவ் ஆனார், மக்கள் கொண்டாடிய மன்னரானார். அந்த ஓலாவின் மகன்தான் ஹரால்ட். 2016ல் அரண்மனைத் தோட்டத்தில் பேசும்போது, நோர்வேக்காரர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், போலந்து, சோமாலியா, சிரியாவிலிருந்தும் வந்தவர்கள் என்றார். என் பாட்டன் பாட்டியும் வெளியிலிருந்து வந்தவர்களே என்றும் சொன்னார். மன்னருக்கு இல்லாத கவலை எங்கள் அண்ணைக்கு.

அப்புறம், அந்தப் பட்டி இறங்குவது வருகிறவர்களால் மட்டுமா? 2009ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு பிள்ளைகள் என்ற அளவில் இருந்தது, 1.98. 2023ல் 1.40. பிரதமராக இருந்த ஏர்னா சூல்பேர்க் 2019 புத்தாண்டு உரையிலேயே நாட்டுக்கு இன்னும் பிள்ளைகள் வேண்டும், எப்படி என்று நான் விளக்கத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தார். விளக்கியிருக்க வேண்டுமோ என்னவோ. முதியோர் இல்லங்களுக்குப் போய்ப் பாருங்கள், யார் யாரைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று. என் மனைவி அந்த வேலையில் இருபத்திரண்டு வருடம். அண்ணையையும் என்னையும் நாளைக்குத் தூக்கி இருத்தப் போவது ஒரு எரித்திரியப் பிள்ளையாகத்தான் இருக்கும். வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக மனிதரை வரவிடு என்பது எனக்கே பிடிக்காத வாதம். கோபத்தில் வந்துவிட்டது. அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

கடைசியாக அண்ணையின் படம். புள்ளிவிபரப் பணியகம் எப்படிப் பிரிக்கிறது என்று அவர் பார்க்கவில்லை போலும். வெளியில் பிறந்து வந்த நான் சாகும்வரை குடிவரவாளர் பட்டியில்தான். அண்ணையும் அங்கேதான், என்ன கைதட்டு வாங்கினாலும். என் மகள் குடிவரவாளருக்கு இங்கே பிறந்தவள், அவளும் அதே பட்டி. மருமகனும் அப்படியே. ஆனால் அவர்கள் இருவரும் இங்கே பிறந்தவர்கள் என்பதால், அவர்களுடைய பிள்ளை அதில் இல்லை. அவள் மற்றப் பட்டியில் இருக்கிறாள்.

அண்ணை, நீங்கள் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினீர்களே, அதற்குள். ஆறு வயது, முன்பல் இரண்டு இல்லை. இப்போது பக்கத்து அறையில் பாழ்பட்ட பண்ணை என்று முதுகில் எழுதிய சட்டையோடு தூங்குகிறாள்.