டெங்குக்குப் பெண்களை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

"யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுவது பெண்கள் வளவைக் கவனிக்காததால்தான்" என்று ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். அது தவறு. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் உரிமையாளரையோ குடியிருப்பவரையோதான் பொறுப்பாக்குகிறது. ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. பூச்சாடியிலும் ஃபிரிஜ் தட்டிலும் நுளம்பு முட்டையிடத் தேங்கும் தண்ணீர் பெண்கள் கண்ணில் படும், சரி. கூரைப் பீலி, மேலே இருக்கிற தண்ணீர்த் தாங்கி, வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வளவு? அங்கே ஏறவும் ஆள் பிடிக்கவும் எங்கள் வழக்கப்படி ஆண்கள்தான் வரவேண்டும். சுகாதாரப் பரிசோதகர் வருவதோ பெரும்பாலும் ஆண்கள் வேலைக்குப் போன பகல் நேரம். அதனால் அறிவுரையும் ஏச்சும் வீட்டில் நிற்கும் பெண்ணுக்கே. முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள் போதும், "அவர் வேலை முடிந்து வந்து பார்க்கட்டும்" என்று விட முடியாது. இந்த ஞாயிறே பீலியில் ஏறிப் பாருங்கள், அண்ணை.