பெட்டி சரி, படகு?
கப்பலில் பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும், ஏறி இறங்கும் வேலையில்லை, அறுபது தாண்டியவர்களுக்குக் கப்பல் சுற்றுலாதான் தோது என்கிறார் இந்தக் கட்டுரையை எழுதியவர். பெட்டி விஷயம் சரி. ஏறி இறங்குவது? கொச்சியிலிருந்து லட்சத்தீவு போனோம். கரையோரம் ஆழமில்லாததால் கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. பக்கவாட்டுக் கதவு வழியாகச் சின்னப் படகில் இறங்கவேண்டும். படகு ஒரு முழம் ஏறுகிறது, ஒரு முழம் இறங்குகிறது. ஒகேனக்கல் பரிசலில் சாவகாசமாக உட்கார்ந்து பழகிய தர்மபுரிக்காரனுக்கே அடிவயிறு கலங்கியது. மூட்டுவலிக்கார வீட்டம்மாவை இரண்டு ஊழியர்கள் அலை பார்த்துத் தூக்கித்தான் வைத்தார்கள். மறுநாள் அவர் கேபினை விட்டு அசையவில்லை. மேலே பின்னூட்டத்தில் பஸ் டூரைத் திட்டியிருக்கும் நண்பருக்கு: தினம் ஒரு லாட்ஜ், விடிகாலை 4 மணிக்கு கதவைத் தட்டுவது எல்லாம் இம்சைதான், மறுக்கவில்லை. ஆனால் கால் வீங்கினால் பாதியிலேயே கழன்றுகொண்டு, ரயிலைப் பிடித்து எங்கள் தர்மபுரிப் பக்கத்து மொரப்பூரில் இறங்கிவிடலாம். நடுக்கடலில் எங்கே இறங்குவது?