வளைவுக்கு வேஷம் போடும் சோபாக்கள்

'மறைந்துவரும் நம் நகரத்துக்கு ஓர் அஞ்சலி' என்ற அட்டையோடு வடிவமைப்புக் கண்காட்சிகளுக்கு வரும் மரச்சாமான்களைக் கவனித்திருக்கிறீர்களா? பழைய மாளிகையின் வளைவு போல ஒரு சோபா, இடித்த திரையரங்கின் முகப்பு போல ஓர் அலமாரி, அப்புறம் எப்போதும் ஒரு தூண் விளக்கு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவை எனக்குப் பிடிப்பதில்லை. கட்டடத்தின் உருவத்தை எடுத்துக்கொள்கிறார்கள், அது நின்ற விதத்தை விட்டுவிடுகிறார்கள்.

கல் வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிப் பிடிக்கிறது. மேலிருந்து வரும் பாரம் சரிந்து இரு பக்கத் தூண்களுக்கும் இறங்குகிறது. சோபாவில்? ஒட்டுப்பலகையை வளைத்து, மேலே பஞ்சு வைத்துத் துணி போர்த்தியிருக்கிறார்கள். அந்த வளைவு எதையும் தாங்கவில்லை, வேஷம் போட்டு நிற்கிறது.

அப்படியென்றால் உருவத்தை எடுக்கவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. 1971இல் இத்தாலியின் ஸ்டூடியோ 65 என்ற வடிவமைப்புக் குழு 'காப்பிதெல்லோ' என்ற இருக்கையைச் செய்தது. கிரேக்கத் தூணின் தலைப்பகுதி அப்படியே உடைந்து விழுந்து கிடப்பது போல இருக்கும். கல் என்று நினைத்து உட்கார்ந்தால் உள்ளே அமுங்கும், முழுக்க நுரைப்பஞ்சு. அதுவும் வெறும் உருவம்தான். ஆனால் அது துக்கம் கொண்டாடவில்லை, கேலி செய்கிறது. 1920களில் மரச்சாமான் வடிவமைப்பாளர் பால் ஃபிராங்கல் நியூயார்க்கின் வானளாவிகளைப் பார்த்துப் படிப்படியான புத்தக அலமாரிகள் செய்தார். அவர் பார்த்தது எழும்பிக்கொண்டிருந்த நகரத்தை. இடிபடும் நகரத்தைக் காட்டி விலை வைப்பவருக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல்.

சிகாகோவில் கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவனின் பங்குச்சந்தைக் கட்டடத்தை 1972இல் இடித்தார்கள். அதன் அலங்காரத் துண்டுகளைக் காப்பாற்ற உள்ளே போன புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் நிக்கல், கட்டடம் சரிந்ததில் உள்ளேயே இறந்துபோனார். ஒரு செதுக்குத் துண்டுக்கு அப்படியும் விலை கொடுத்திருக்கிறார்கள். இன்று அந்த மாதிரி வடிவத்தைக் கணினியில் வரைந்து, இயந்திரத்தில் வெட்டி, ஒரே நாளில் மேசைக்கால் ஆக்கிவிடலாம்.

அதே சிகாகோவில்தான் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. 1923இல் கட்டி, பிறகு பாழடைந்து, இடிக்கப்பட இருந்த ஒரு வங்கிக் கட்டடத்தைக் கலைஞர் தியாஸ்டர் கேட்ஸ் நகர நிர்வாகத்திடம் ஒரு டாலருக்கு வாங்கினார். உள்ளே இருந்த சலவைக்கல்லைப் பலகைகளாக அறுத்து, கடன்பத்திரம் போலப் பொறித்து, ஒவ்வொன்றையும் 5,000 டாலருக்கு விற்றார். அந்தப் பணமும் சேர்ந்து கட்டடம் செப்பனிடப்பட்டு, 2015இல் ஆவணக் காப்பகமும் நூலகமுமாகத் திறந்தது. இது மரச்சாமானே இல்லையே என்று சண்டைக்கு வராதீர்கள், எனக்கும் தெரியும். ஆனால் கட்டடத்திலிருந்து எடுத்தது கட்டடத்துக்கே திரும்பிப் போயிற்றே, அதைத்தான் சொல்கிறேன்.

எல்லோராலும் கட்டடம் வாங்க முடியாது, சரி. அஞ்சலி அட்டையில் நாலு வரி கூடுதலாக எழுத முடியுமே? எந்தக் கட்டடம், யார் கட்டியது, யார் எதற்காக இடித்தார்கள், இந்த நாற்காலி விற்ற காசில் ஏதாவது மிச்சமிருக்கும் கட்டடங்களுக்குப் போகிறதா. வாங்குகிறவர்களும் இதைக் கேட்கலாம். முக்கியமாக, பழையதை இடித்த இடத்தில் எழும் புதுக் கோபுரத்தின் வரவேற்பறைக்கு அதே பழைய வளைவைச் சோபாவாகக் கேட்டு ஆர்டர் வந்தால், அதை ஒப்புக்கொள்ளும் வடிவமைப்பாளரிடம் நான் நிச்சயம் கேட்பேன்.